மூன்றாம் கேள்வி

எங்கள் சபையில் டெண்டரைக் கேள்வி என்போம்.
மீன் சந்தைக் கேள்வி, இறைச்சிக் கடைக் கேள்வி,
இந்த வருடம் புதிதாக, தோணாக் கரையில்
தோணி கட்டும் இடங்களுக்கும் கேள்வி.
பதினொரு முளை.
மஞ்சள் பெயின்டில் இலக்கம் போட்டது நான்தான்.
ஏழாம் முளையின் ஏழு வழிந்து
ஒன்றைப் போலக் காய்ந்துவிட்டது.

பெட்டியும் புதிது.
பழைய மரப்பெட்டிக்குள் யாரோ கை விட்டதாக
பெட்டிசம் போன பிறகு
உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்கில் ஒன்று
கல்முனையில் சொல்லிச் செய்தோம்.
செயலாளர் அதைத் தட்டிப் பார்த்து
"வெளிப்படைத்தன்மை" என்றார்.
அந்தச் சொல் பெட்டியின் அகலத்துக்குச் சரியாக இருந்தது.
ஸ்டிக்கர் அடித்து ஒட்டினோம்.

முடிவுத் திகதிக்கு முதல் நாள்
ஆதம்பாவா காக்கா படிவத்தோடு வந்தார்.
மாளிகைக்காட்டில் முளைகளுக்கு இலக்கம் வருமுன்பே
அவருடைய தோணி அந்த ஏழில்தான் நின்றது.
"எனக்கு எழுத்து ஓடாது தம்பி, நிரப்பித் தாங்க."
தொகையை வாயால் சொல்லவில்லை.
மேசைக்குக் கீழே விரல்களால் காட்டினார்:
ஆறு. பிறகு இரண்டு.
அறுபத்திரண்டாயிரம் என்று
இலக்கத்திலும் எழுத்திலும் எழுதினேன்.
உறையின் வாயை நாக்கால் நனைத்து அவரே ஒட்டினார்.
அதன்மேல் பெருவிரலை அழுத்தியபடி
கொஞ்ச நேரம் நின்றார்.

அன்றிரவு ராத்தா வீட்டில் சாப்பாடு,
மணலை மீன் ஆணம்.
"ஏழாம் முளைக்கு அறுபது போடப் போறன்"
என்றார் மச்சான் சிகாப்தீன்.
நான் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.
"காணாது" என்றேன்.

ஒரு சொல்.
வாயில் முள் கிடக்கிறவன்
அதற்குமேல் பேசமாட்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.
எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
ராத்தா இன்னோர் அகப்பைச் சோறு போட்டா.
போதும் என்று கையை விரித்தேன்.
விரித்த கையில் எத்தனை விரல் நின்றது,
சத்தியமாக நினைவில்லை.

மறுநாள் பத்தரைக்கு
எல்லார் முன்னும் பெட்டி திறந்தது.
உறைகளை உயர்த்திக் காட்டிக் கிழித்து
உரத்து வாசித்தேன். வாசிக்கிறதும் என் வேலைதான்.
ஏழாம் முளை: ஆதம்பாவா, அறுபத்திரண்டு.
சிகாப்தீன், அறுபத்து மூன்று.
வந்தவர்கள் கையொப்பம் வைத்தார்கள்.
காக்கா பெருவிரல் வைத்தார்.
கணக்காய்வுக்கு வந்த அம்மணி
இரண்டு நாள் கோப்பைப் புரட்டிவிட்டு
எங்கும் பிழையில்லை என்று பச்சை மையில் சரி போட்டார்.
பிழையில்லைதான்.

இப்போது அவருடைய தோணி பாலத்துக்கு அப்பால்
கண்ணாப் பற்றையில் கட்டிக் கிடக்கிறது.
சுபஹு தொழுதுவிட்டு நான் சைக்கிளில் வரும்போது
எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு
நெஞ்சளவு தண்ணீரில் வருகிறார்.
எஞ்சின் சரியாமல் ஒரு கையால் பிடித்தபடி
மற்றக் கையை உயர்த்தி
அவர்தான் முந்தி ஸலாம் சொல்கிறார்.

நேற்று சபைக்கு வந்தார்.
தகவல் கேட்கிற படிவம் வேண்டுமாம்,
யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.
அதை நிரப்பிக் கொடுக்கவும் நான்தான்.

கேள்வி ஒன்று: ஏழாம் முளைக்கு எத்தனை பேர் போட்டார்கள்?
கேள்வி இரண்டு: இருந்த ஆளுக்கு ஒரு முன்னுரிமையும் கிடையாதா?
எழுதினேன்.
பிறகு தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்:
"என்ட தொகை முன்னமே ஆருக்கும்
தெரிஞ்சிருந்ததா எண்டு கேக்கலாமா தம்பி?"

நான் வாய் திறக்குமுன்
அவரே சிரித்துவிட்டார்.
"அத விடுங்க.
எனக்கும் ஒங்களுக்கும் அல்லாஹ்வுக்குந்தானே தெரியும்."

அதற்குள் மூன்று என்று இலக்கம் போட்டு
பக்கத்தில் ஒரு புள்ளியும் வைத்துவிட்டேன்.
மைப் பேனை.
புள்ளி தாளில் ஊறிக்கொண்டிருந்தது.